நிபந்தனை வாக்கியம்: கணினிப் பாடம் தொடங்குவோர்க்கு



நம் கடைகளில் கல்லாப் பெட்டியின் மேல் கணினி ஏறி உட்கார்ந்து வெகு நாளாயிற்று. விலை போடுவது, கூட்டுவது, கழிவு தருவது, இருப்புக் கணக்கு வைப்பது எல்லாம் அதன் வேலையாகி விட்டன. ஆனால் அஃது எந்த விதிப்படி கழிவு தருகிறது, எந்த விதிப்படி காசைக் கூட்டிக் குறைக்கிறது என்று யாராவது கேட்டால், நம்மில் பெரும்பாலோர் அதை விற்றவரைத்தான் கைகாட்டுவோம். சொந்தக் கடையின் விதி இன்னதென்று முதலாளிக்கே தெரியாதிருப்பது சரியன்று. அவ்விதிகளை எழுதும் வித்தையில் முதற்படி நிபந்தனை வாக்கியம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதியதோடு கடையேறிய நமக்கு, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தைப் புரட்டிய சில வாரங்களில் இது பிடிபட்டது. ஆதலால் வாசகர்களுக்கும் கடினமிராது.

மதரஸாவில் நஹ்வு ஓதியவர்களுக்கு ஷர்த்து, ஜவாபு என்னும் இரண்டும் நினைவிருக்கும். ‘இன்’ என்றோ ‘இதா’ என்றோ தொடங்கும் வாக்கியத்தில் முற்பகுதி ஷர்த்து. அது நிறைவேறினால் நடப்பது ஜவாபு. தமிழில் அந்த வேலையை வினைச்சொல்லின் ஈற்றில் வரும் ‘ஆல்’ செய்து விடுகிறது. ‘மழை பெய்தால் வாசலில் சாக்கை விரி’ என்கிறோம். மழை பெய்தால் என்பது நிபந்தனை. சாக்கை விரிப்பது அதன் பலன். கணினிக்கு நாம் சொல்வதும் இதே வாக்கியந்தான்.

வேற்றுமை ஒன்றுண்டு. ‘நல்ல வாடிக்கைக்காரர் வந்தால் கொஞ்சம் குறைத்துக் கொடு’ என்று கடைப் பையனிடம் சொன்னால் அவன் முகம் பார்த்துப் புரிந்துகொள்வான். கணினிக்கு ‘நல்ல’ என்பதும் தெரியாது. ‘கொஞ்சம்’ என்பதும் தெரியாது. ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று ஒரே சொல்லில் விடை வரும் கேள்வியைத்தான் அதனிடம் கேட்க முடியும். ‘தொகை 100 வெள்ளியா, அதற்கு மேலா?’ என்பது அத்தகைய கேள்வி. உண்மை, பொய் என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போல யோசனை செய்யலாம் என்று காட்டியவர் ஜார்ஜ் பூல் என்ற ஆங்கிலேயர். அவருடைய நூல் 1854-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னரே பக்தாதில் அல்-குவாரிஸ்மி, தம் அல்-ஜப்ரு நூலில், சமன்பாடுகளை ஆறு வகையாகப் பிரித்து, இன்ன வகையாயிருந்தால் இன்ன வழி என்று எழுதி வைத்தார். செய்முறை வரிசைக்கு மேனாட்டார் வழங்கும் ‘அல்காரிதம்’ என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்ததுதான். அந்நூலின் ஒரு பெரும்பகுதி சொத்துப் பங்கீட்டுக் கணக்கு என்பதை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது.

நிற்க. பாடத்துக்கு வருவோம்.

பிள்ளைகள் இப்போது பெரும்பாலும் பைத்தான் என்ற நிரல் மொழியில் தொடங்குகிறார்கள். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட மொழி அது. நிபந்தனைக்கு அதில் மூன்று சொற்கள் உள: இஃப், எலிஃப், எல்ஸ். ‘இஃப்’ என்றால் ‘ஆல்’; ‘எல்ஸ்’ என்றால் ‘இல்லாவிட்டால்’; ‘எலிஃப்’ என்பது இரண்டையும் ஒட்டிய சொல்: ‘அது இல்லாமல், இப்படியிருந்தால்’ என்று பொருள். இயந்திரத்தில் இச்சொற்களை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். இங்கே தமிழில் அச்சிடுகிறோம். ஆனால் தொகை, கழிவு என நாம் வைக்கும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தட்டலாம். பைத்தானின் மூன்றாம் பதிப்பு அதை ஏற்றுக்கொள்கிறது.

முதல் பயிற்சி. 100 வெள்ளி முதல் வாங்குவோர்க்கு நூற்றுக்கு 5 கழிவு, மற்றவர்க்கு இல்லை. தொகையைக் காசுக் கணக்கில் வைத்துக்கொள்கிறோம். 100 வெள்ளி என்பது 10000 காசு.

தொகை = 12000
இஃப் தொகை >= 10000:
    கழிவு = தொகை * 5 // 100
எல்ஸ்:
    கழிவு = 0

ஒற்றைச் சமக்குறி ‘வை’ என்று கட்டளையிடுகிறது: தொகை என்ற பெட்டியில் 12000 வை. ‘சமமா?’ என்று கேட்பதற்கு இரட்டைச் சமக்குறி போட வேண்டும். புதியவர் பலர் தடுக்கி விழும் இடம் இது. ‘>=’ என்பது ‘அவ்வளவா, அதற்கு மேலா’ என்று கேட்பது. இரட்டைச் சாய்கோடு மீதியை விட்டுவிட்டு முழு எண்ணாக வகுப்பது. நிபந்தனை வரியின் கடைசியில் முக்காற்புள்ளி. அடுத்த வரி உள்ளே தள்ளியிருக்கிறதல்லவா, அது அழகுக்காக அன்று. எந்தெந்த வரி அந்த நிபந்தனைக்கு உட்பட்டது என்று பைத்தான் அறிவது அந்த ஒதுக்கத்தை வைத்துத்தான். நான்கு இடம் தள்ளுவது வழக்கம். 12000-க்குக் கழிவு 600, அதாவது 6 வெள்ளி. காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளியைப் புள்ளி வைத்து எழுதாமல் காசாக எழுதச் சொன்னதற்குக் காரணமுண்டு. கணினி பின்னங்களை இரண்டின் அடுக்குகளாகச் சேமிக்கிறது. 4.35-ஐ நூறால் பெருக்கச் சொன்னால் பைத்தான் 435 என்று சொல்லாது, 434.99999999999994 என்று சொல்லும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434. ஒரு காசு போயிற்று! காசாக எண்ணினால் இத்தொல்லை கிடையாது.

இரண்டாவது பயிற்சியில் கழிவு இரு படியாகிறது. 100 வெள்ளி முதல் நூற்றுக்கு 3. 500 வெள்ளி முதல் நூற்றுக்கு 5. புதியவர் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

இஃப் தொகை >= 10000:
    விழுக்காடு = 3
எலிஃப் தொகை >= 50000:
    விழுக்காடு = 5
எல்ஸ்:
    விழுக்காடு = 0

படித்தால் சரியாகத்தான் தோன்றும். ஆனால் 600 வெள்ளிக்குச் சரக்கெடுத்தவருக்கு 3 விழுக்காடுதான் கிடைக்கும். ஏனென்றால் இயந்திரம் மேலிருந்து கீழே வருகிறது. எந்த நிபந்தனை முதலில் ‘ஆம்’ ஆகிறதோ அங்கேயே வேலையை முடித்துக்கொண்டு மற்றவற்றைப் பாராமல் வெளியேறி விடுகிறது. 600 வெள்ளியும் 100-க்கு மேற்பட்டதுதானே! மளிகைக்காரருக்கு இதைச் சல்லடையை வைத்துச் சொல்லி விடலாம். மிளகைத் தரம் பிரிக்கையில் பெருங்கண் சல்லடையை முதலில் போட்டால் பருமணி மேலே நிற்கும். சிறுமணி கீழே இறங்கும். சிறுகண் சல்லடையை முதலில் போட்டால் எல்லாம் அதிலேயே தங்கிவிடும். ஆகவே பெரிய தொகையின் நிபந்தனை முதலில் வர வேண்டும். இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது, இயந்திரம் எந்தப் பிழையும் காட்டாது என்பதே. எழுத்துப் பிழை செய்தால் கத்தும். விதிப் பிழை செய்தால் வாயைத் திறக்காது. பெரிய வாடிக்கைக்காரர் மட்டும் மெல்ல வேறு கடைக்குப் போய்விடுவார்.

எல்லை விஷயமும் இங்கே வருகிறது. ‘100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் கழிவு’ என்று பலகையில் எழுதியிருக்கிறோம். சரியாக 100 வெள்ளிக்கு வாங்கியவருக்கு உண்டா, இல்லையா? நேருக்கு நேர் என்றால் சிரித்துக்கொண்டே கொடுத்து விடுவோம். கணினியிலோ ‘>’ என்று எழுதினால் இல்லை; ‘>=’ என்று எழுதினால் உண்டு. எழுதும் முன்பே நாம் முடிவு செய்தாக வேண்டும். எழுதிய பின்னர் 9999, 10000, 10001 ஆகிய மூன்றையும் கொடுத்துச் சோதிப்பது நல்ல பழக்கம். நடுவிலுள்ள எண்களில் தவறு அநேகமாக ஒளிந்திராது.

இனி, இப்பாடத்தில் நாம் அதிகம் மதிக்கும் பயிற்சி: காசைக் கூட்டிக் குறைத்தல். மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்க வியாபாரத்தில் ரசீதின் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து காசுக்குக் கொண்டுவரும் முறை நடப்பிலுள்ளது. கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே 0-க்கு. 3, 4 என்றால் மேலே 5-க்கு. 6, 7 என்றால் கீழே 5-க்கு. 8, 9 என்றால் மேலே 10-க்கு. ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகச் செய்வதன்று. மொத்தத்துக்கு ஒரு தரந்தான். கடைசி இலக்கத்தைப் பிடிக்கப் பைத்தானில் ‘%’ என்ற குறி உண்டு. நூற்றுக்கு இவ்வளவு என்பதற்கு நாம் போடும் அதே குறிதான். ஆனால் இங்கே ‘வகுத்தால் மீதி என்ன’ என்று பொருள்.

கடைசி = மொத்தம் % 10
இஃப் கடைசி <= 2:
    வசூல் = மொத்தம் - கடைசி
எலிஃப் கடைசி <= 7:
    வசூல் = மொத்தம் - கடைசி + 5
எல்ஸ்:
    வசூல் = மொத்தம் - கடைசி + 10

0-க்கும் 5-க்கும் தனி வரி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டா. 0 என்றால் 0-ஐக் கழிப்பது. 5 என்றால் 5-ஐக் கழித்து 5-ஐக் கூட்டுவது. தொகை மாறாது. இரண்டாம் நிபந்தனையில் ‘2-க்கு மேற்பட்டு’ என்று சொல்லாததற்கும் காரணம் முன் சொன்னதே: 2-ம் அதற்குக் கீழும் மேல் வரியிலேயே பிடிபட்டு விட்டன. கடைசி இலக்கங்கள் பத்தே. பத்தையும் போட்டுச் சோதித்து விட்டால் இந்த விதி எந்தத் தொகைக்கும் சரியென்று தைரியமாகச் சொல்லலாம். எல்லா விதிக்கும் இவ்வளவு எளிதான சோதனை வாய்ப்பதில்லை.

இந்தச் சிறு விதியினால் ஒரு பிள்ளையின் பெயர் கெடப் பார்த்ததை இங்கே சொல்ல வேண்டும். நமக்குப் பழக்கமான கடையொன்றில் பெருநாளை முன்னிட்டு, 4 வெள்ளி 60 காசு விலையுள்ள பொட்டலத்துக்கு நூற்றுக்கு 5 கழித்தார்கள். 23 காசு போக 4 வெள்ளி 37 காசு. அந்தப் பொட்டலத்தை மட்டும் வாங்கிப் போகிறவர்களே அதிகம். கல்லாவில் நின்ற பையன் முறைப்படி 4 வெள்ளி 35 காசு வாங்கிப் போட்டான். இயந்திரமோ அன்றாட மொத்தத்தில் 4.37 என்றே கூட்டிக்கொண்டு வந்தது. கூட்டிக் குறைத்த வித்தியாசத்தை எழுத அதில் இடமே இல்லை. ரசீதுக்கு 2 காசு. நாளொன்றுக்கு 150 ரசீது என்றால் 3 வெள்ளி. ஒவ்வோர் இரவும் கல்லாவில் 3 வெள்ளி சுமாருக்குக் குறைந்தால் முதலாளி யாரைப் பார்ப்பார்? பையனைத்தான் பார்த்தார். மூன்று வெள்ளிக்காக ஒருவன் கை வைப்பானா என்று யோசிக்கவில்லை. நாள்தோறும் குறைகிறதே என்றுதான் யோசித்தார். “நானா, நான் ஒரு காசும் தொடவில்லை” என்று அவன் சொன்னதும் எடுபடவில்லை. சம்பளத்தில் பிடிப்பது என்ற பேச்சு வரைக்கும் போயிற்று.

பையனுடைய நல்ல காலம், ரசீதுச் சுருளை அவர்கள் எறியவில்லை. நாமும் அவரும் ஓர் இரவு உட்கார்ந்து, ஒரு நாளைய ரசீதுகளின் கடைசி இலக்கங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு போனோம். 7 என்பது வரிசை வரிசையாக நின்றது. கணக்குக் காசு பிசகாமல் ஒத்துப் போயிற்று. இயந்திரத்தை விற்றவர்கள் பிறகு ஒரு வரி சேர்த்தார்கள்: வித்தியாசம் = வசூல் - மொத்தம். அதைத் தனிப் பத்தியில் கூட்டிக் காட்டினால் போதுமல்லவா! ரொக்கம் என்றால் மேற்படி விதி, அட்டையில் செலுத்தினால் உள்ளபடியே வாங்குவது என்பது அக்கடையின் வழக்கம். ஆகவே அந்த விதி முழுவதும் இன்னொரு நிபந்தனைக்கு உள்ளே போயிற்று. இஃப் முறை == "ரொக்கம்": என்று ஒரு வரி மேலே எழுதி, மற்ற வரிகளை இன்னும் நான்கிடம் உள்ளே தள்ளி, ‘எல்ஸ்’ பகுதியில் வசூல் = மொத்தம் என்று எழுத வேண்டும். நிபந்தனைக்குள் நிபந்தனை என்பது இதுதான். அந்தப் பையன் இன்றைக்கு அக்கடையில் கொள்முதல் பார்க்கிறான்.

பெரிய நிறுவனங்களுக்கும் இவ்விஷயத்தில் சறுக்கல் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஜூன் என்ற பெயரில் ஒரு கைப் பாட்டுப்பெட்டி விற்று வந்தது. 2008 டிசம்பர் 31 அன்று, அதன் 30 கிகாபைட் வகைப் பெட்டிகள் உலகெங்கும் ஒரே நாளில் உறைந்து நின்று விட்டன. உள்ளே கடிகாரத்தைக் கவனிக்கும் நிரலில் விதி இப்படி இருந்தது: நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும் வரை சுற்று, நெட்டாண்டானால், எண்ணிக்கை 366-க்கு மேல் இருந்தால் 366-ஐக் கழி, நெட்டாண்டு இல்லாவிட்டால் 365-ஐக் கழி. 2008 நெட்டாண்டு. டிசம்பர் 31 அதன் 366-ஆம் நாள். 366 என்பது 365-க்கு மேல். ஆகவே சுற்ற வேண்டும். நெட்டாண்டுதான்; ஆனால் 366 என்பது 366-க்கு மேல் இல்லை; ஆகவே கழிக்கக் கூடாது. எதையும் கழிக்கவில்லை, மறுபடியும் சுற்று. செக்கு மாடு போல நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மின்கலம் தீர்ந்து அணையட்டும், மறுநாள் போட்டுக்கொள்ளுங்கள் என்று நிறுவனம் சொல்லும்படி ஆயிற்று. உள் நிபந்தனைக்கு ஓர் ‘இல்லாவிட்டால்’ எழுதாததன் பலன்! நம் பயிற்சிகளில் ஒவ்வோர் இஃப்-க்கும் ‘இல்லாவிட்டால் என்ன?’ என்று ஒரு தரம் வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது நலம். சில வேளை விடை ‘ஒன்றும் செய்யாதே’ என்றிருக்கும். அதுவும் யோசித்துச் சொன்ன விடையாக இருக்க வேண்டும்.

நெட்டாண்டு விதியும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கமான பயிற்சிதான். 4-ஆல் மீதியின்றி வகுபட்டால் நெட்டாண்டு. ஆனால் 100-ஆல் வகுபட்டால் அன்று. ஆயினும் 400-ஆல் வகுபட்டால் ஆம். 2000 நெட்டாண்டு, 1900 அன்று, 2100-ம் அன்று. இங்கேயும் சல்லடை விதிதான்: 400 முதலில், 100 அடுத்து, 4 கடைசியில். நாம் கணக்கெழுதும் எக்செல் ஏட்டில் 1900 பிப்ரவரி 29 என்ற இல்லாத நாள் இன்றும் உண்டு. அதற்கு முந்திய லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கேட்டில் இருந்த பிழை அது. பழைய ஏடுகளோடு ஒத்துப்போக வேண்டுமென்று தெரிந்தே வைத்துக்கொண்டார்கள். தவறு பழகிவிட்டால் அதற்கும் இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது போலும்.

இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க ‘அண்ட்’, ‘ஆர்’ என்ற சொற்கள் உள. ‘அண்ட்’ என்றால் இரண்டும் ஆக வேண்டும். ‘ஆர்’ என்றால் ஒன்று ஆனாலும் போதும். பேச்சில் நாம் இவற்றைக் குழப்பிப் பேசிப் பழகியவர்கள். ‘சனியும் ஞாயிறும் கழிவு உண்டு’ என்று பலகையில் எழுதுகிறோம். ஒரு நாள் சனியாகவும் ஞாயிறாகவும் இருக்க முடியாது. ஆகவே அங்கே ‘அண்ட்’ போட்டால் ஒரு நாளும் கழிவு கிடைக்காது. ‘ஆர்’ போட வேண்டும். அதையும் இப்படி எழுதினால் ஆபத்து:

இஃப் நாள் == "சனி" ஆர் "ஞாயிறு":

தமிழில் ‘நாள் சனியோ ஞாயிறோ ஆனால்’ என்பது முழு வாக்கியம். பைத்தானோ ஆர்-க்கு இரு பக்கமும் இருப்பவற்றைத் தனித்தனிக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறது. வலப்பக்கம் இருப்பது வெறும் "ஞாயிறு" என்ற சொல். வெற்றாக இல்லாத எந்தச் சொல்லும் பைத்தானுக்கு ‘ஆம்’. ஆகவே வாரம் ஏழு நாளும் கழிவு போய்க்கொண்டிருக்கும்! நாள் == "சனி" ஆர் நாள் == "ஞாயிறு" என்று இரண்டு கேள்வியையும் முழுமையாகக் கேட்க வேண்டும்.

வாசகர்கள் செய்து பார்க்க ஒன்று. மொத்த வியாபாரி ஒருவர் கடன் கொடுக்கும் விதி இது. பழைய பாக்கி 2000 வெள்ளிக்குள் இருந்து, சென்ற தவணை தவறாதிருந்தால், 30 நாள் கடன். பாக்கி 2000 வெள்ளிக்குள் இருந்து தவணை தவறியிருந்தால், 7 நாள். மற்றவர்க்கு ரொக்கம் மட்டும். எழுதும் முன் ஒன்றை அவரிடம் கேட்டாக வேண்டும்: பாக்கி சரியாக 2000 வெள்ளி இருப்பவர் உள்ளேயா, வெளியேயா? இன்னொன்றும் இருக்கிறது. முதன்முதலாகக் கடைக்கு வருபவருக்குப் பாக்கியும் இல்லை, சென்ற தவணையும் இல்லை. மேற்படி விதியை எழுத்துப்படி எழுதினால் அவர் எந்தப் படியில் போய் நிற்கிறார் என்று காகிதத்தில் ஒட்டிப் பாருங்கள். விடையை அடுத்த இதழில் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.